தொண்டுக்குப் பதக்கம், வெட்டிக்கு என்ன?

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளிடம் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டதாம். சேரிக்குப் போய் முகாம் நடத்துகிற, மலைக்குப் போய் மாத்திரை கொடுக்கிற மாணவர்களுக்கு விருது கொடுத்து ஊக்கப்படுத்த வேண்டுமாம். கேடயம், சான்றிதழ், சால்வை, பணமுடிப்பு, மேடையில் ஒரு புகைப்படம். கேட்பதற்கு நல்ல பேச்சாகத்தான் இருக்கிறது. இதை மறுக்கிறவன் மனுசனா என்றுகூடத் தோன்றும். நான் மறுக்கிறேன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் நாறுகிற ஊர்களின் சேரிப் பக்கத்திலிருந்து இந்த மறுப்பை எழுதுகிறேன். அந்தத் தொண்டைப் பெற்றுக்கொள்கிறவர்கள் நாங்கள்தான். விருது விண்ணப்பத்தில் 'பயனாளிகள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்குமே, அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிற எண் நாங்கள். எண்ணுக்கும் வாய் இருக்கிறது என்பதால் சிலதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் 'தொண்டு' என்கிற சொல்லைப் பார்ப்போம். கூலி வாங்காமல் அடுத்தவருக்குச் செய்கிற வேலை என்பதுதானே அதன் பொருள்? எங்கள் தாத்தன் பாட்டன் ஊருக்குக் கூலி இல்லாமல் எவ்வளவோ செய்தார்கள். செத்த மாட்டைத் தூக்கினார்கள். சாவுச் சேதி சொல்ல இருட்டில் நாலு ஊர் நடந்தார்கள். பறையடித்தார்கள், குழி வெட்டினார்கள், பிணம் எரித்தார்கள், ஏரி மதகைக் காத்தார்கள். அதற்கு ஊரான் வைத்த பேர் 'வெட்டி'. அந்தப் பேரில் ஒரு சாதிப் பட்டமே வைத்தான். செய்தவனுக்குச் சால்வை வரவில்லை. செய்ய மாட்டேன் என்றவனுக்குக் கட்டிவைத்து உதை விழுந்தது. அதே கூலியில்லாத வேலையை மேலே இருப்பவன் கீழே இறங்கிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் செய்தால் 'தொண்டு', 'மனிதநேயம்', 'தியாகம்'. வேலை ஒன்றுதான். செய்கிறவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பதைப் பொறுத்து ஒருத்தனுக்குப் பதக்கம், இன்னொருத்தனுக்கு வசவு. சாதி எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவில் தேடிப் பார்க்கட்டும்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 மே மாதம் உலக சுகாதார அமைப்பு இந்தியாவின் பத்து லட்சம் ஆஷா பணியாளர்களுக்கு விருது அறிவித்தது. உலகமே கைதட்டியது. ஆனால் அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அவர்கள் அரசின் கணக்கில் தொழிலாளிகளே கிடையாது, 'தன்னார்வலர்கள்'. ஊக்கத்தொகை மட்டும்தான். விருது வந்து மூன்று வருசம் கழித்து, 2025ல், திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்து வாசலில் அவர்கள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து கூலி கேட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கு 2024ல் ஐ.நா. விருது வந்தது. திட்டம் நல்ல திட்டம்தான். எங்கள் தெருவில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் வீடுவீடாக ஏறி இறங்கி அதைக் கொண்டுவருகிற பெண்ணுக்குப் பேர் மறுபடியும் 'தன்னார்வலர்'. 2020 மே 3 அன்று கொரோனா ஆஸ்பத்திரிகள்மீது ஹெலிகாப்டரில் பூ தூவினார்கள். கீழே விழுந்த பூவைக் கூட்டி அள்ளியவர் யார் என்று எந்தப் பேப்பரும் எழுதவில்லை. கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் கவுரவம் கொடுப்பது இந்த நாட்டின் பழைய வித்தை. விருது அந்த வித்தையின் புதுச் சட்டை.

இந்த மோசடியை அண்ணல் அம்பேத்கர் 1932லேயே அடையாளம் கண்டார். புனா ஒப்பந்தம் முடிந்த கையோடு தீண்டாமை ஒழிப்புக்கென்று காந்தியார் தரப்பில் ஒரு சங்கம் வைத்தார்கள். பிற்பாடு அரிசன சேவக சங்கம் என்று பேர் மாறியது. அந்த நவம்பரில் லண்டனுக்குப் போகிற வழியில் கப்பலிலிருந்தே அதன் செயலாளர் தக்கருக்கு அம்பேத்கர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: தனிமனிதனைத் திருத்துகிற பள்ளிக்கூடம், நூலகம், உடற்பயிற்சிச் சாலை என்று பணத்தைச் செலவழிக்காதே. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கிற, பள்ளியில் சேர்கிற, பொதுவழியில் நடக்கிற உரிமைக்காகச் சேரியோடு சேர்ந்து நில். அப்படி நின்றால் ஊரில் கலவரம் வரும், மண்டை உடையும், அதற்குத் தயாராக இரு. சங்கம் அந்த வழியில் போகவில்லை. சேவை செய்தது. சேவை செய்தால் கலவரம் வராது, பாராட்டு வரும். சேவைக்கும் உரிமைக்கும் நடுவில் இருக்கிற அந்த வாய்க்கால் தொண்ணூறு வருசம் ஆகியும் அப்படியேதான் கிடக்கிறது.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு மருத்துவத் தொண்டைப் பற்றிப் பேசிவிட்டு சி.எம்.சி.யைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது. அவர் டாக்டரானதற்குச் சொல்லப்படும் கதை எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிகளும் பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். ஒருத்தி பார்ப்பனப் பெண், ஒருத்தி முஸ்லிம், இன்னொருத்தி மேல்சாதி இந்து. அந்தச் சாவுகள் நிசமான துயரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கேள்வி வரும். அந்த ராத்திரி சேரியில் ஒருத்தியும் பிள்ளை பெறவில்லையா? சேரியிலிருந்து நாலாவதாக ஒருவன் வந்து கதவைத் தட்டுகிற தைரியம் அன்றைக்கு இருந்ததா? கதவைத் தட்ட முடிந்தவனின் துயரம்தான் வரலாறாகிறது. தட்ட முடியாதவனைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அந்த அம்மையார் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். 1909லிருந்து வாரந்தோறும் வண்டி கட்டிக்கொண்டு சாலையோரத்தில், மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். தொழுநோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்த்த மரபும் இந்த மண்ணில்தான் வளர்ந்தது. கரிகிரிக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். யாரும் விருது அறிவித்துவிட்டு இவர்களைக் கூப்பிடவில்லை.

அதே சி.எம்.சி.யில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே தம்பதி 1970ல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டுக்குப் போனார்கள். 1979ல் அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது. விருதைவிடப் பெரிய விசயம் அவர்கள் செய்த காரியம். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கு, அதில் பலர் தலித் பெண்கள், பிரசவமும் நோயறிதலும் மருந்தும் சொல்லிக்கொடுத்தார்கள். தீண்டாமை பார்த்த ஊர்ப்பெண்கள் பிரசவ வலி வந்தபோது தலித் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அறிவைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் நீட்டுவது ஒருவகை. அறிவையே பங்குபோடுவது வேறுவகை. முதல் வகைக்கு நூறு விருது உண்டு. ரெண்டாவது வகை செய்தால் டாக்டரின் மேலாதிக்கமே கரைந்துவிடும் என்பதால் அதை ஊக்குவிக்க அவ்வளவு ஆர்வம் இல்லை.

விருது எதுவரைக்கும் கூடவரும் என்பதற்கு இன்னொரு வேலூர் மாணவரின் கதை இருக்கிறது. பினாயக் சென், சி.எம்.சி.யில் படித்த குழந்தை மருத்துவர். சத்தீஸ்கரின் தல்லி ராஜாராவில் சங்கர் குகா நியோகியின் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தவர். அங்கே சுரங்கத் தொழிலாளிகள் தங்கள் சொந்தக் காசையும் உழைப்பையும் போட்டு ஒரு ஆஸ்பத்திரி கட்டினார்கள். 1983ல் திறக்கப்பட்ட அதன் பேர் ஷாகித் ஆஸ்பத்திரி, தியாகிகள் மருத்துவமனை. யாருடைய தர்மமும் இல்லை, தொழிலாளியின் ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலைக்கு வந்தார், அவ்வளவுதான். பினாயக் சென்னுக்கு 2004ல் சி.எம்.சி. தன் பழைய மாணவர்களுக்கு வழங்கும் பால் ஹாரிசன் விருதைக் கொடுத்தது. பிறகு அவர் சல்வா ஜூடும் படுகொலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 2007 மே மாதம் கைது. 2008ல் ஜோனதன் மான் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் சிறையில் இருந்தார். 2010 டிசம்பரில் ராசத்துரோகம் என்று ஆயுள் தண்டனை. 2011 ஏப்ரலில்தான் உச்சநீதிமன்றம் பிணை கொடுத்தது. கூடப் படித்தவர்கள் பலர் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள், அது பெரிய விசயம். மாணவர்கள் இதிலிருந்து ஒன்றைப் படித்துக்கொள்ளலாம். ஆதிவாசிக் குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்தால் விருது. அந்தக் குழந்தைக்கு ஏன் சோறில்லை, அதன் ஊரை எரித்தது யார் என்று கேட்டால் சிறை. கொடுக்கிற கையும் பூட்டுகிற கையும் ஒரே சமூகத்தின் கைகள்தான்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். சில வருசங்களுக்கு முன்னால் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து எங்கள் காலனிக்கு முகாம் போட வந்தார்கள். பேர் வேண்டாம், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும். ரேசன் கடைக்குப் பக்கத்தில் சாமியானா, பேனர், வெள்ளைக் கோட்டு. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்க பெரிம்மா வரிசையில் போய் நின்றது. அது டேனரியில் குரோம் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்து அடுக்குகிற வேலை செய்தது. முப்பது வருசம். ரெண்டு கையிலும் விரல் இடுக்கில், முட்டியில், துளைபோட்ட மாதிரி புண். ஆறும், மறுபடி வரும். ஒரு பையன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரிப்பும்மா, சோப்பு அலர்ஜியா இருக்கும், இந்த மருந்தப் போடுங்க" என்று ஒரு களிம்பு கொடுத்தான். இன்னொரு பையன் அதைப் படம் எடுத்தான். சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து பெரிம்மா சொன்னது: "கையப் பாத்தான், மருந்து குட்தான், போட்டா கூட புட்சிகினான். இன்னா வேல செய்ற, எந்த கம்பெனின்னு ஒர்த்தனும் கேக்கல நைனா. சோப்பாம் சோப்பு! எங்கூட்ல சோப்பு எங்க கீது?"

பெரிம்மாவுக்குத் தெரிந்த வைத்திய சாஸ்திரம் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 1700ஆம் வருசம், இத்தாலியின் மோதேனாவில் பெர்னார்தினோ ராமசினி என்கிற டாக்டர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தோல் பதனிடுகிறவர்களின் நோயும் அதில் இருக்கிறது. நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு டாக்டர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர்: நீ என்ன வேலை செய்கிறாய்? முந்நூறு வருசமாக அந்தக் கேள்வி நடந்துகொண்டே இருக்கிறது, எங்கள் காலனி சாமியானாவுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

அந்த ஒரு கேள்வியில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எல்லாமே இருக்கிறது. குரோமியத்தால் வருகிற நோய் தொழில்நோய் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றது. 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் குரோம் புண் இருந்தது, ஆந்த்ராக்ஸ் இருந்தது. அந்தச் சட்டத்தின் 89வது பிரிவு டாக்டருக்கு ஒரு கடமை வைத்தது. தன்னிடம் வந்த தொழிலாளிக்கு அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாகக் கருதினால், டாக்டர் தாமதிக்காமல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் டாக்டருக்கே அபராதம். 2025 நவம்பரில் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. தொழிலாளியிடமிருந்து அது பிடுங்கியது பல. ஆனால் டாக்டர் தெரிவிக்க வேண்டும் என்கிற கடமை அதிலும் இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். சீட்டில் 'அரிப்பு, களிம்பு' என்று எழுதினால் பெரிம்மா ஒரு பயனாளி. 'குரோம் புண், டேனரியில் முப்பது வருசம்' என்று எழுதி ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டால் பெரிம்மா ஒரு சாட்சி. நட்டஈடு கேட்கலாம், கையுறை கேட்கலாம், கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். முதல் சீட்டுக்கு விருது கிடைக்கும். ரெண்டாவது சீட்டுக்குக் கம்பெனிக்காரனின் பகை கிடைக்கும். அந்தக் கம்பெனிக்காரனே விருது விழாவுக்கு நன்கொடையாளனாக மேடையில் உட்கார்ந்திருந்தால் எந்தச் சீட்டை எழுதுவது என்று மாணவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தோல் வேலை செய்து கை புண்ணானவர்கள், இழுப்பு வந்தவர்கள், சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் மருத்துவச் சீட்டு எதிலும் 'தொழில்நோய்' என்கிற சொல்லை நான் இதுவரை பார்த்ததில்லை.

எழுதப்படாத நோய்க்கு நட்டஈடு கிடையாது. இதற்கும் பாலாற்றங்கரையே சாட்சி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்சநீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்டு 28ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்கிற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பு குறித்தது. பிறகு நட்டஈட்டுக்காக ஒரு ஆணையம் வந்தது, கணக்கெடுப்பு நடந்தது, தொகை நிர்ணயமானது. நிலம் கெட்டதற்குக் கணக்கு இருந்தது. நிலமே இல்லாதவனுக்கு? பட்டா இல்லாத எங்களிடம் கெட்டுப்போக இருந்தது உடம்பு மட்டும்தான். கெட்டுப்போன உடம்புக்குப் பட்டா மாதிரி இருக்கக்கூடிய ஒரே காகிதம் டாக்டரின் சீட்டு. அதை எழுத ஆளில்லை. 2025 சனவரி 30ல் உச்சநீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றி ஒரு கடுமையான தீர்ப்புக் கொடுத்து, நட்டஈட்டை முழுசாகக் கொடு, கண்காணிக்க ஒரு குழுவை அமை என்று அரசுக்கு உத்தரவு போட்டது. முப்பது வருசம் கழித்தும் இப்படி உத்தரவு போடவேண்டியிருக்கிறது என்றால் நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையில் 2 லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு குவிந்து, மழைக்கு மழை மண்ணுக்குள் இறங்கியது. 2015 சனவரி 31 அதிகாலை, அதே ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இது எந்த முகாமில் தீருகிற நோய்?

"சரிப்பா, விருது கொடுத்தா நாலு பேராவது வர்றான் இல்ல? வந்தா ஒங்களுக்கு நல்லதுதானே?" என்று நண்பர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். விருது ஆளை மட்டும் கொண்டுவருவதில்லை, நோயையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது. எண்ணிக்கை காட்ட முடிகிற, படம் எடுக்க முடிகிற, ஒரே நாளில் முடிகிற வேலைக்குத்தான் விருது. ரத்த அழுத்தத்தை ஒருநாள் அளந்துவிட்டுப் போனால் அழுத்தம் குறையாது. காசநோய்க்காரனுக்கு ஆறு மாசம் துணை இருக்க வேண்டும். டேனரித் தொழிலாளியின் நுரையீரலை வருசாவருசம் சோதிக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு எந்த மேடையிலும் இடமில்லை. ரெண்டாவது, யாருக்கு விருது கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். சனி ஞாயிறு சும்மா இருக்கிற பிள்ளைதான் தொண்டு செய்ய முடியும். 1176 மதிப்பெண் எடுத்தும் நீட்டால் கதவு சாத்தப்பட்டு 2017 செப்டம்பர் 1 அன்று செத்துப்போன அனிதாவின் வழியில் வந்தவர்கள், 2020க்குப் பிறகு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து உள்ளே நுழைந்தவர்கள், கடன் வாங்கிப் படிக்கிறார்கள். விடுமுறைக்குச் சேரிக்கு வந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கதவு தட்டப்படும். "டாக்டர் தம்பி, ஆயாவுக்கு மூச்சு வாங்குது, வாப்பா." அந்தப் பிள்ளை ஓடுவான். அவன் செய்வது தொண்டுக் கணக்கில் வராது. சொந்தச் சனத்துக்குச் செய்கிறான் இல்லையா! வெளியிலிருந்து சேரிக்குள் வந்தால் மனிதநேயம், சேரியிலேயே பிறந்தவன் செய்தால் வெறும் உறவுமுறை.

சாவித்ரிபாய் புலேயை நினைத்துக்கொள்கிறேன். 1897ல் புனேயில் பிளேக் வந்தபோது, மகார் குடியிருப்பிலிருந்து ஒரு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு மகன் யஷ்வந்தின் மருத்துவமனைக்கு ஓடினார். பையன் பிழைத்தான். அதே பிளேக் தொற்றி மார்ச் 10ஆம் தேதி சாவித்ரிபாய் செத்தார். அவர் அதற்கு முந்தி ஐம்பது வருசமாகச் சாதியோடு சண்டை போட்டவர், சாணியும் கல்லும் வாங்கியவர். அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான் அந்த ஓட்டம். சண்டையை வெட்டி எறிந்துவிட்டு ஓட்டத்துக்கு மட்டும் கேடயம் அடிக்கிறார்கள்.

மருத்துவக் கல்லூரிக்கு உள்ளேயே தொண்டு செய்ய எவ்வளவோ இருக்கிறது. எய்ம்சில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் தேர்விலும் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று தோராட் குழு 2007ல் பக்கம் பக்கமாக எழுதிக்கொடுத்தது. 2019 மே 22ல் மும்பையில் பழங்குடி முஸ்லிம் சமூகத்தின் பெண் டாக்டர் பாயல் தாட்வி விடுதி அறையில் உயிரை விட்டார். கூட இருந்த மூத்த டாக்டர்களின் சாதி வசவு தாங்கவில்லை என்பது அவர் குடும்பத்தின் குற்றச்சாட்டு. பக்கத்து அறையில் இருப்பவளை மனுசியாகப் பார்க்கத் தெரியாதவர்கள் அறுபது கிலோமீட்டர் தாண்டி வந்து எங்களுக்கு என்ன மனிதநேயம் காட்டப்போகிறார்கள்? ரத்தப் பஞ்சை வெறுங்கையால் அள்ளுகிற ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்ணின் பேர் தெரியுமா மாணவர்களுக்கு? அவள் எந்தக் காண்டிராக்டரிடம் எவ்வளவு கூலிக்கு வேலை செய்கிறாள் என்று தெரியுமா?

2022லிருந்து இன்னொன்றும் வந்திருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிக்கிற ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் 'தத்தெடுக்க' வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறது. கல்வி கிராமத்துக்கு வருவதை நான் வரவேற்கிறேன். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வருவது ஒருநாள் முகாமைவிட நூறு மடங்கு மேல். ஆனால் அந்தச் சொல்! எங்களுக்கு அப்பன் ஆத்தாள் இல்லையா? பத்தொன்பது வயசுப் பிள்ளை அறுபது வயசு கிழவனைத் தத்தெடுக்கிறதாம். தத்தெடுத்தவன் சொத்தில் பங்கு கொடுப்பானா? நாங்கள் அநாதைகள் இல்லை. உரிமை பறிக்கப்பட்டவர்கள். பாடம் படிக்க எங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள், எங்கள் உடம்பைப் பார்த்துத்தான் டாக்டர் ஆகிறீர்கள். கணக்குப் பார்த்தால் கடன்பட்டவர்கள் யார்?

எனவே கேட்பதைத் தெளிவாகக் கேட்கிறேன். விருதுகளை நிறுத்துங்கள். அந்தப் பணத்தை முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற சேரி மாணவர்களின் விடுதிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுங்கள். முகாமோ தத்தெடுப்போ, தோல் பகுதிக்கு வருகிற ஒவ்வொரு மாணவரும் நோயாளியின் சீட்டில் அவர் செய்யும் வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருசம் என்று எழுதட்டும். சீட்டின் நகலை நோயாளி கையில் கொடுக்கட்டும். சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய் என்று தெரிந்தால் ஆசிரியர் கையெழுத்தோடு ஆய்வாளருக்கு எழுதட்டும். தோல் பகுதியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் வருசத்துக்கு எத்தனை தொழில்நோயைத் தெரிவித்தது என்று தன் ஆண்டறிக்கையில் அச்சடிக்கட்டும். கம்பெனியில் பேர் பதியாமல் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைக்கிற ஆம்பூர்ப் பெண்களின் கண்ணையும் முதுகையும் யாராவது கணக்கெடுக்கட்டும். கல்லூரி ஆஸ்பத்திரியின் துப்புரவுத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை கேட்டு மாணவர் சங்கம் ஒரு தீர்மானம் போடட்டும். இதில் எதற்கும் புதுப் பணம் வேண்டியதில்லை. முதுகெலும்பு வேண்டும், அவ்வளவுதான்.

இல்லை, விருது கொடுத்தே தீருவோம் என்பவர்களுக்கு ஒரு நிபந்தனை. தேர்வுக் குழு எங்கள் காலனித் திண்ணையில் உட்காரட்டும். டேனரித் தொழிலாளியும், ஷூ கம்பெனிப் பெண்ணும், சாக்கடையில் இறங்குகிறவனின் பெண்டாட்டியும் உறுப்பினர்களாக இருக்கட்டும். அவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: எங்களுக்காக யாரைப் பகைத்துக்கொண்டாய்?

மாணவத் தோழர்களே, வாருங்கள். வர வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் தெரு உங்களுக்குத் திறந்துதான் இருக்கிறது. பேனரை மடித்து வைத்துவிட்டு வாருங்கள். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். மருந்தும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். கூடவே பார்த்ததை எழுதுங்கள், எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கையெழுத்தோடு கோர்ட்டில் வந்து நில்லுங்கள்.